கணக்குப்பிள்ளை பதில்கள்: பிரின்சிபாலுக்கு 85, டீச்சருக்கு பதினேழரை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தனியார் பள்ளிச் சம்பளத்தைப் பற்றியவை. ஜூன் மாதம் அல்லவா! புது பிரின்சிபால், புது டைம்டேபிள், அதே பழைய சம்பளம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மெட்ரிக் பள்ளி அலுவலகங்களில் வெகுகாலம் கணக்கு எழுதியவன் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து 11 வருடங்களாக ஒரே மெட்ரிக் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். சம்பளம் 17,500 ரூபாய். இந்த வருடம் வேறு பள்ளியிலிருந்து ஒரு பிரின்சிபாலை 85,000 ரூபாய் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். வீடும் காரும் தனி. எங்களுக்கு 500 ரூபாய் இன்கிரிமென்ட். கேட்டால் "அவங்க லெவல் வேற" என்கிறார் தாளாளர். எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை 30 செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் சுமார் 40 பிள்ளைகள், ஃபீஸ் சராசரியாக 30,000. இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரம்பே கிடையாதா?
— ஓர் ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்

பதில்: கணக்கு போடத் தேவையானதையெல்லாம் கடிதத்திலேயே கொடுத்துவிட்டீர்கள். கணித டீச்சர் என்று சொல்லாமலே தெரிந்திருக்கும்.

அரசாங்கம் இந்த வித்தியாசத்தை எப்படி வைத்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். கேந்திரிய வித்யாலயாவில் ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு 35,400, பட்டதாரி ஆசிரியருக்கு 44,900, முதுகலை ஆசிரியருக்கு 47,600, முதல்வருக்கு 78,800. அதாவது பள்ளியின் தலைமைக்கும், ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுத வைப்பவருக்கும் நடுவே இரண்டேகால் மடங்குதான் இடைவெளி. தமிழ்நாடு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் 36,400-லும் முதுகலை ஆசிரியர் 36,900-லும் தொடங்குகிறார்கள். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் அதற்கு இரண்டு மடங்குகூட வராது. உங்கள் பள்ளியில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். கே.வி. முதல்வருக்கு அகவிலைப்படியும் சேர்ந்தால் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் பிரின்சிபால் வாங்குவது அதைவிடக் குறைவு. அங்கே உங்கள் படிப்புக்கு உரிய முதுகலை ஆசிரியர் வாங்குவது அகவிலைப்படியோடு எழுபதாயிரத்துக்கு மேல். நீங்கள் வாங்குவதோ அவருடைய வெறும் அடிப்படைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. அப்படியானால் உங்கள் பிரின்சிபாலை யாரும் மலையில் ஏற்றி வைக்கவில்லை, உங்களைத்தான் பள்ளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பள்ளிக் கணக்கு. 30 செக்‌ஷன், 1,200 பிள்ளைகள், ஆளுக்கு 30,000 என்றால் வருடத்துக்கு 3 கோடியே 60 லட்சம். செக்‌ஷனுக்கு ஒன்றரை ஆசிரியர் வீதம் 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் உங்கள் சம்பளமே என்றாலும் (பிரைமரியில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்) வருடத்துக்கு 94 லட்சத்து 50 ஆயிரம், அதாவது வசூலில் கால்வாசி. பிரின்சிபாலுக்கு 10 லட்சத்து 20 ஆயிரம், அது மூன்று சதவீதத்துக்கும் கீழே. அவர் சம்பளத்தைப் பாதியாக வெட்டி 45 பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு மாதம் 944 ரூபாய் கிடைக்கும். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அந்த 85-ஐயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மிச்சமிருக்கும் இரண்டரைக் கோடியைப் பற்றி யாராவது பேசினீர்களா?

அந்த இரண்டரைக் கோடியும் லாபம் என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலக ஊழியர், ஆயா, வாட்ச்மேன், கரன்ட், கட்டட பராமரிப்பு, வங்கிக் கடன் தவணை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஆர்.டி.இ., அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி இலவசமாகச் சேர்க்கும் இடங்களுக்கு அரசு தர வேண்டிய தொகையும் நேரத்துக்கு வருவதில்லை. தாளாளர்கள் இந்த விஷயத்தில் புலம்புவது நியாயமான புலம்பல்தான். அதற்கப்புறம் மீதமாவது எப்படி வெளியே போகிறது என்பதில்தான் சூட்சுமம்.

சட்டப்படி பள்ளியை நடத்துவது ஒரு டிரஸ்ட்டோ சொசைட்டியோ. லாபத்தைப் பங்கு பிரித்து எடுத்துப் போக முடியாது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்று சொன்னது. அதனால் பணம் 'லாபம்' என்ற தலைப்பில் வெளியே போகாது. பள்ளி நிற்கும் நிலம் தாளாளரின் தாயார் பெயரில் இருக்கும், டிரஸ்ட் அவருக்கு மாத வாடகை கொடுக்கும். பஸ் மைத்துனருடையது, டிரஸ்ட் அவருக்கு ஒப்பந்தத் தொகை கொடுக்கும். நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் மருமகளின் ஏஜென்சி. மனைவி 'அகாடமிக் டைரக்டர்', மகன் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', இருவருக்கும் சம்பளம். இந்தச் சம்பளங்கள் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் பதிவேடான அக்விட்டன்ஸில் இருக்காது. 'மேனேஜ்மென்ட்' என்று எழுதிய தனி ஃபைலில் வவுச்சராக இருக்கும், பீரோவின் மேல் தட்டில். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மாதாமாதம் போன அந்த நில வாடகை வவுச்சர், பிரைமரி டீச்சர்கள் அத்தனை பேருடைய சம்பளத்துக்கும் சமமாக இருந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவால் எழுதியிருக்கிறேன்.

உறவினருக்குப் பணம் கொடுப்பதே குற்றம் இல்லை. வேலைக்கும் பொருளுக்கும் நியாயமான தொகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிஞ்சினால் டிரஸ்ட்டின் வரிவிலக்குக்கே ஆபத்து. 1961 வருமான வரிச் சட்டத்தின் 13-வது பிரிவு அதற்காகவே இருந்தது. ஆடிட்டரும் தன் அறிக்கையில் இப்படிப்பட்ட தொகைகளைத் தனியே காட்ட வேண்டும். ஆனால் 'நியாயமான' வாடகை எவ்வளவு என்று வாதாடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, வரம்பு உண்டா என்று கேட்டீர்கள். தலைமைக்கும் ஆசிரியருக்கும் இத்தனை மடங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அது மட்டுமில்லை. 1996-ல் ஹரியானா பள்ளிகள் தொடர்பான வழக்கில், ஆசிரியர்கள் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுநருக்கும் பெருக்குபவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, அந்த வேனில் வரும் பிள்ளைக்குப் பாடம் நடத்துபவருக்குக் கிடையாது. அதற்கும் முன்பே, 1988-ல், கோவாவில் வேலை பார்த்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று தீர்ப்பானது. லேபர் கோர்ட் கதவும் அடைத்தது. ஆசிரியப் பணி உன்னதமானது, அதைக் கூலி வேலையோடு சேர்க்கக் கூடாதாம். உன்னதத்துக்குக் கொடுக்கும் விலை இது! புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் 'ஊழியர்' என்பதற்கான வரையறை விரிந்திருக்கிறது. அதற்குள் ஆசிரியரைக் கொண்டுவர யாராவது வழக்காடிப் பார்க்க வேண்டும்.

டெல்லிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1973-ம் வருட டெல்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10-வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியரின் சம்பளம் அரசுப் பள்ளிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. எல்லாப் பள்ளிகளும் கொடுக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்காவிட்டால் நீதிமன்றத்தில் நீட்டுவதற்கு ஒரு பிரிவாவது கையில் இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: தனியாகப் போய் "பிரின்சிபாலுக்கு மட்டும் ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்கு 'லெவல்' பதில்தான் வரும். பிளஸ் டூ கணிதம் எடுப்பவர்களுக்கு நாமக்கல் பக்கம் இருக்கும் கிராக்கி உங்களுக்கே தெரியும். மார்ச் கடைசியில், ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் உங்களை நம்பியிருக்கும் நேரத்தில், நாலு சீனியர்கள் சேர்ந்து ஆண்டுக்கு இத்தனை சதவீத இன்கிரிமென்ட் என்று எழுத்தில் கேளுங்கள். ஜூனில் கேட்டால் வேலை நடக்காது. அவர்கள் மேஜையில் ஏற்கனவே ஒரு கட்டு பயோடேட்டா இருக்கும்.

கேள்வி: மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் 26,000 ஏறுகிறது. 5-ம் தேதிக்குள் அதில் 9,000-ஐ எடுத்துக் கவரில் வைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பத்து வருடங்களாக இப்படித்தான். ஏன் இந்த நாடகம்? இதில் எனக்கு ஏதும் சிக்கல் வருமா?
— சமூக அறிவியல் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: முன்பெல்லாம் அக்விட்டன்ஸில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் வேறு தொகை கொடுப்பார்கள். சம்பளம் வங்கிக்கு மாறியதும் கவர் வந்தது. சில இடங்களில் ஏ.டி.எம். கார்டையே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2009-ம் வருடச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுக்கு அதுதான். பள்ளி எங்கே இருக்கிறது, என்ன வசதி, என்ன செலவு என்று பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். சம்பளச் செலவு காகிதத்தில் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உயர்ந்த கட்டணத்தைக் கேட்கலாம். ஆக, உங்கள் பெயரைச் சொல்லிப் பெற்றோரிடம் 26,000-க்குக் கணக்குக் காட்டுகிறார்கள். திரும்பி வரும் 9,000 எந்த நோட்டிலும் ஏறாது.

உங்களுக்குச் சிக்கல் என்னவென்றால், கையில் 17,000 வாங்கினாலும் வருமான வரிக் கணக்கில் உங்கள் சம்பளம் 26,000. ஆனால் இதே காகிதம் உங்களுக்கு உதவவும் செய்யும். பணிக்கொடை தெரியுமல்லவா, கிராஜுவிட்டி? 2004-ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியருக்கு அது கிடையாது என்றது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் உண்டு என்றது. பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கும் 2022 ஆகஸ்டில் தோற்றது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 26-ஆல் வகுத்து. முழு 26,000-மும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியுமாகவே காட்டியிருந்தால் பத்து வருடத்துக்கு 1,50,000 ரூபாய். 17,000-க்குக் கணக்கிட்டால் 98,000 சொச்சம். காகிதத்தில் இருப்பது எதுவோ அதைத்தான் அவர்கள் கொடுத்தாக வேண்டும். "நாங்கள் சும்மா 26 என்று காட்டினோம்" என்று எந்த தாளாளரும் அதிகாரி முன்னால் வாய் திறக்க மாட்டார்.

ஆகவே 9,000-ஐ எடுக்கும்போது ஒரே தடவையில், ஏ.டி.எம்.மில், முழுத் தொகையாக எடுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் பத்து வருடமும் 5-ம் தேதிக்கு முன்னால் அதே 9,000 வரிசையாக நின்றால் அதுவே பேசும். வேலையை விட்டுப் போகும்போது 'எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். பணம் கைக்கு வருமுன் போடாதீர்கள்.

கேள்வி: நான் ஒரு பள்ளியின் முதல்வர். சம்பளம் 45,000. டீச்சர்களின் இன்கிரிமென்ட் லிஸ்ட் நான் போடுவது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தாளாளர் வீட்டில் தயாராகி வருகிறது. திட்டு மட்டும் எனக்கு.
— முதல்வர், ஈரோடு

பதில்: சார், உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் வேலை ரிசல்ட் வரும் நாளோடு முடியலாம், அவர்களுடையது ஏப்ரல் 30-ஓடு முடியலாம் என்பதுதான். உங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி அந்தத் திட்டுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்ட் உங்கள் கையில் இல்லாவிட்டாலும் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கும். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதற்குக் கையெழுத்து நீங்கள்தானே போடுகிறீர்கள்? மே மாதம் வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் கேன்வாஸுக்கு டீச்சர்களை அனுப்பும் சுற்றறிக்கையிலும் உங்கள் கையெழுத்துதான். அந்த இரண்டையும் நிறுத்திப் பாருங்கள், திட்டு பாதியாகும். தாளாளர் கோபித்துக்கொள்வார், அது வேறு.

கேள்வி: வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளம்தான். ஏப்ரலில் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டு ஜூனில் புது ஆர்டர் கொடுக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடமே இருக்கிறது. பி.எஃப். என்று மாதம் 3,600 பிடிக்கிறார்கள்.
— தமிழாசிரியை, மதுரை

பதில்: மூன்று தவறுகளை ஒரே கடிதத்தில் அடக்கிவிட்டீர்கள். ராஜினாமா வாங்குவது இரண்டு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல, பணிக்கொடைக்கு மேலே சொன்ன ஐந்து வருடக் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டவும்தான். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கை மத்திய அரசின் உமங் செயலியில் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பெயர் வருடாவருடம் தொடர்ந்து வந்தால், இடைவெளி வெறும் காகித இடைவெளி என்று வாதாட அது உதவும். ஜூன் மாத ஆர்டர்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

3,600 விஷயம் இன்னும் மோசம். பி.எஃப். உச்சவரம்பான 15,000-க்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். நிர்வாகத்தின் பங்கு இன்னொரு 1,800. அதை நிர்வாகம் தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும், ஊழியர் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்கள் இரண்டையும் உங்களிடமே பிடிக்கிறார்கள். சம்பள ஸ்லிப்பில் 3,600 என்று அச்சாகியிருந்தால் அந்த ஸ்லிப்போடு மதுரை பி.எஃப். அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். பிடித்த பணத்தை மறுமாதம் 15-ம் தேதிக்குள் கட்டியிருக்கிறார்களா என்பதும் பாஸ்புக்கில் தெரிந்துவிடும்.

சர்டிபிகேட்டை அடகு போல வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கண்டித்திருக்கிறது. முதலில் பதிவுத் தபாலில் பள்ளிக்கு எழுதுங்கள். பிறகு நகலோடு மாவட்டக் கல்வி அலுவலருக்கு. இப்போது தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவர் பெயரிட்டு அனுப்ப வேண்டும். மற்றவருக்கு அனுப்பினால் மேஜை மேஜையாகச் சுற்றும்.

கேள்வி: என் மகனுக்கு வருடம் 60,000 கட்டுகிறேன். அதில் டீச்சருக்கு எவ்வளவு போகிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வழி உண்டா?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: நேரடி வழி இல்லை. உங்கள் பள்ளிக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை என்ன என்பதைப் பார்க்கலாம். நீங்கள் கட்டுவது அதைவிடக் கூடுதல் என்றால் குழுவுக்கே எழுதலாம். சம்பளத்துக்கு நான் பார்க்கும் அடையாளம் வேறு. அட்மிஷன் நாளில் ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் எல்லாம் காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்பு வகுப்பாசிரியர் இந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புக்கும் கேளுங்கள். எல்லாரும் போன ஜூனில் வந்தவர்கள் என்றால் உங்கள் 60,000 எங்கே போகவில்லை என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரி புடவை கட்டச் சொல்லி, கேட்காமலே சம்பளத்தில் 850 பிடித்துவிட்டார்கள். கடைக்காரர் தாளாளருக்குச் சொந்தம். புடவை முதல் தடவை நனைத்ததிலேயே சாயம் போய்விட்டது. திருப்பிக் கேட்கலாமா?
— மழலையர் வகுப்பு ஆசிரியை, கரூர்

பதில்: கேளுங்கள். கரூரிலேயே அவ்வளவு துணிக்கடை இருக்க, சொந்தக்காரர் கடைப் புடவைதான் உங்களுக்கு வாய்த்ததா! கடையின் பில்லைக் கேளுங்கள், அதில் ஒரு புடவை என்ன விலை என்று பாருங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் பிடித்த தொகை அது. சம்பள ஸ்லிப்பில் அந்த 850 எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். 'இதர பிடித்தம்' என்று இருந்தால், போன வருடமும் அதே தலைப்பில் வேறு என்ன பிடித்தார்கள் என்று பழைய ஸ்லிப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள்.